ஓடிப்போன தட்டம்மை திரும்பி வருவது ஏன்?

2019-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி. பசிபிக் மகா சமுத்திரத்தில் உள்ள சமோவா என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டில் அன்று சர்க்கார் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. சாலைகள் வெறிச்சோடிப் போயிருந்தன. பல வீடுகளின் வாசலில் மட்டும் சிவப்புத் துணி தொங்கிற்று.

திருவிழாவா? அல்ல. எந்த வீட்டில் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளாதவர் இருக்கிறாரோ, அந்த வீட்டார் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. மருந்துப் பெட்டியைச் சுமந்த கோஷ்டிகள் அந்தத் துணியை அடையாளமாக வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கின. இரண்டு நாட்கள் நாடு முழுவதும் இதே வேலை.

சமோவாவின் ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சம். அதில் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இவ்வளவு பெரிய கொள்ளை நோய் என்றால் காலராவா, பிளேக்கா என்று கேட்கத் தோன்றும். வந்தது தட்டம்மை! நம் ஊர்ப் பக்கம் "மணல்வாரி" என்றும் சொல்வார்கள். "குழந்தை என்றால் ஒரு தரம் வந்துதான் போகும்" என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லி வந்த அதே நோய்தான்.

விரட்டிய நாடுகளிலும்...

"எங்கோ ஒரு மூலைத் தீவின் கதை" என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கா தன் மண்ணிலிருந்து தட்டம்மையை விரட்டிவிட்டதாக 2000-ம் வருஷத்தில் அறிவித்தது. ஆனால் 2025 ஜனவரியில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியில் நோய் கிளம்பிற்று. ஆகஸ்டில் அது அடங்குவதற்குள் அந்த ராஜ்யத்தில் மட்டும் 762 பேருக்குக் கண்டுவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதுள்ள இரண்டு குழந்தைகள் இறந்தனர். இரண்டு பேருக்கும் தடுப்பு ஊசி போட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் தட்டம்மைக்கு உயிர்கள் பலியானது பத்து வருஷங்களில் அதுவே முதல் தடவை.

கனடாவின் நிலைமை இன்னும் மோசம். 1998-ல் நோயை விரட்டிய நாடு அது. 2025-ல் அங்கே 5,000 பேருக்கு மேல் தட்டம்மை கண்டது. ஒரே வகைக் கிருமி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் விடாமல் சுற்றிக்கொண்டிருந்ததால், "நோயை ஒழித்த நாடு" என்ற பெயரை 2025 நவம்பரில் கனடா இழந்தது.

பணத்துக்குப் பஞ்சம் இல்லை. டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. மருந்தும் கைவசம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஓடிப்போன நோய் திரும்பி வருவானேன்?

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், நம் உடம்பு நோயை எதிர்த்து எப்படிப் போராடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பு என்னும் கோட்டை

கோட்டைக்கு மதில் உண்டு, அகழி உண்டு. உடம்புக்குத் தோல்தான் மதில். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப் படலம்தான் அகழி. இவற்றைத் தாண்டி உள்ளே வரும் கிருமியை வெள்ளை அணுக்களில் ஒரு வகை பாய்ந்து பிடித்து விழுங்குகிறது. இந்த வாசல் காவலர்களுக்கு இன்ன கிருமி என்ற பேதம் கிடையாது. அந்நியன் என்று தெரிந்தால் போதும்.

அவர்களால் முடியாதபோது இரண்டாவது படை கிளம்புகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே முடிச்சு தட்டுப்படுகிறது அல்லவா? அந்த முடிச்சுகள்தான் இந்தப் படையின் பாசறை. அங்கே ஆட்கள் பெருகுவதால்தான் அது வீங்குகிறது.

இந்தப் படையில் உள்ள ஒவ்வொரு அணுவும் ஒரே ஒரு எதிரியைத்தான் அடையாளம் காணும். ஒவ்வொரு கிருமியின் மேலுறையிலும் அதற்கே உரிய மேடும் பள்ளமும் உண்டு. அதற்குப் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிற ஒரு புரதத்தை அந்த அணு தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. இதுதான் எதிர்ப்பொருள். பையன்கள் உண்டிவில்லுக்கு வெட்டுகிற கவட்டைக் குச்சியைப் போன்றது அதன் உருவம். கவட்டையின் இரண்டு நுனிகளும் கிருமியைக் கவ்விக்கொள்கின்றன. கவ்விய பிறகு கிருமியால் உடம்பின் அணுக்களுக்குள் நுழைய முடியாது. கவட்டையின் அடிக்கட்டை, "இதோ அகப்பட்டது, வந்து விழுங்கு" என்று வாசல் காவலர்களுக்கு அடையாளம் காட்டுகிறது.

பார்த்தே இராத கிருமிக்கு ஏற்ற சாவி உடம்புக்கு எங்கிருந்து கிடைக்கிறது? இந்தக் கேள்வி விஞ்ஞானிகளை வெகு காலம் திணற அடித்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் 1957-ல் விடை சொன்னார். கிருமி வந்த பிறகு உடம்பு சாவி செய்வதில்லை. கோடிக்கணக்கான விதச் சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. எது பொருந்துகிறதோ அதை வைத்திருக்கும் அணு மட்டும் மளமளவென்று பெருகுகிறது. இவ்வளவு விதங்கள் எப்படி உண்டாகின்றன என்பதை ஜப்பானியரான டோனகாவா 1976-ல் காட்டினார். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவதுபோல, உடம்பு சில பரம்பரைத் துண்டுகளைக் கலைத்துக் கலைத்துக் கணக்கற்ற புது விதங்களைச் செய்துகொள்கிறது! இதற்காக 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு குறை. பொருந்துகிற அணுவைத் தேடிப் பிடித்துப் பெருக்குவதற்கு, முதல் தடவை ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடுகிறது. நோய் உச்சத்துக்குப் போவது அந்த இடைவெளியில்தான். யுத்தம் முடிந்ததும் படை கலைகிறது. ஆனாலும் சில அணுக்கள் சாகாமல் தங்கிவிடுகின்றன. இவை ஞாபக அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் குடியேறும் வேறு சில, வருஷக் கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் வாசலிலேயே தீர்ந்தது அதன் கதை.

அறுபத்தைந்து வருஷ ஞாபகம்

இந்த ஞாபகம் எத்தனை நாள் நிற்கும்? இதற்குத் தட்டம்மையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது.

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் பரோ தீவுகள் என்று சில தீவுகள் உண்டு. டென்மார்க்குக்குச் சொந்தம். 1846-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலில் வந்து இறங்கினார். அவருடன் தட்டம்மையும் வந்து இறங்கிற்று. தீவுகளில் இருந்தவர்கள் சுமார் 7,800 பேர். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டனர். குழந்தை, குமரன், கிழவர் என்ற வித்தியாசமே இல்லை.

டென்மார்க் சர்க்கார் பானும் என்ற டாக்டரை அனுப்பியது. அவருக்கு வயது 25. படகில் தீவு தீவாகப் போய் விசாரித்தார். அப்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. அதற்கு முன்பு அந்தத் தீவுகளில் தட்டம்மை வந்தது 1781-ல். அன்று குழந்தைகளாக இருந்து நோயில் பிழைத்தவர்களில் 98 பேர் கிழவர் கிழவிகளாக உயிரோடு இருந்தார்கள். ஊர் முழுவதும் படுத்த அந்த வருஷம் இவர்களில் ஒருவருக்குக் கூட நோய் வரவில்லை! 65 வருஷங்கள் கழித்தும் உடம்பு எதிரியை மறக்கவில்லை.

எதிர்ப்பொருள் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் பானும் கண்ட உண்மை இது.

பத்திரப் பெட்டிக்குத் தீ

"அப்படியானால் நல்லதுதானே! ஒரு தரம் வந்துபோனால் ஆயுள் பூராவும் கவலை இல்லையே!" என்று கேட்கலாம். இங்கேதான் தட்டம்மையின் சூழ்ச்சி இருக்கிறது.

தட்டம்மைக் கிருமி மூச்சு வழியே உள்ளே போகிறது. அங்கே காவல் இருக்கும் அணுக்களின் மேலேயே ஏறிக்கொண்டு பாசறைக்குப் போய்ச் சேருகிறது. அது தொற்றிக்கொள்வதற்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி ஞாபக அணுக்களின் மேலேயே இருக்கிறது! எந்த அணுக்கள் பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கின்றனவோ, அவற்றுக்குள்ளேயே புகுந்து பெருகி அவற்றைக் கொல்லுகிறது.

சுமார் பதினான்கு நாள் கழித்து உடம்பு முழுவதும் தடிப்பு கிளம்புகிறது. நோய் பிடித்த அணுக்களை உடம்பின் படை தேடித் தாக்குவதால் உண்டாவதே அந்தத் தடிப்பு. யுத்தத்தில் பெரும்பாலும் உடம்புதான் ஜெயிக்கிறது. தட்டம்மையைப் பற்றிய ஞாபகமும் அழியாமல் பதிந்துவிடுகிறது. ஆனால் என்ன பிரயோஜனம்? வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பிடித்தாகிவிட்டது. அதற்குள் அவன் பத்திரப் பெட்டிக்குத் தீ வைத்துவிட்டான்!

இதன் முதல் அறிகுறியை 1908-லேயே வியன்னா டாக்டர் பிர்க்கே கவனித்தார். க்ஷயரோகக் கிருமியுடன் பழக்கப்பட்டவர்களுக்குத் தோலில் ஊசி குத்திச் சோதித்தால் அந்த இடம் சிவந்து தடிக்கும். தட்டம்மை கண்டிருக்கும் குழந்தைகளுக்கு அப்படித் தடிக்கவில்லை. உடம்பு பழைய எதிரியை அடையாளம் தெரியாமல் விழித்தது.

முழு உண்மை வெளியாக நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2013-ல் ஹாலந்து நாட்டில், தடுப்பு ஊசி வேண்டாம் என்று இருந்த குடும்பங்களிடையே தட்டம்மை பரவிற்று. நோய் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் 77 குழந்தைகளின் இரத்தத்தை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தனர். 2019-ல் முடிவு வெளியாயிற்று. குழந்தைகள் அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை காணாமற் போயிருந்தன! ஏற்கெனவே வந்து போன சளிக் காய்ச்சல்கள், வேறு கிருமிகள் எல்லாவற்றையும் உடம்பு முதலிலிருந்து கற்க வேண்டிய நிலை. தடுப்பு ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்புக் காணப்படவில்லை.

தட்டம்மை வந்த பிறகு இரண்டு மூன்று வருஷங்கள் வரையிலும் குழந்தைகள் மற்ற நோய்களுக்குப் பலியாகும் அபாயம் கூடுகிறது என்று பழைய மரணக் கணக்குகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள் 2015-லேயே சொல்லியிருந்தனர். "மணல்வாரி இறங்கிய பிறகு பிள்ளை தேறவே இல்லை" என்று தாய்மார் வருந்துவதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

நிஜ யுத்தத்துக்கு முன் ஒத்திகை

யுத்தம் இல்லாமலே ஞாபகத்தை மட்டும் உண்டாக்க முடியுமா? முடியும் என்று வழி காட்டியவர் ஜென்னர். 1796-ல் பசு அம்மைப் பாலை ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்து, பெரியம்மை அவனை அண்டாமல் செய்தார். அந்த வழியில் போய்த்தான் உலகம் பெரியம்மையை அடியோடு ஒழித்தது. 1980-ல் அது முடிந்த கதை என்று அறிவிக்கப்பட்டது.

தட்டம்மைக் கிருமியை 1954-ல் அமெரிக்க விஞ்ஞானி எண்டர்ஸும் அவருடைய உதவியாளரும் ஒரு பள்ளிச் சிறுவனின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தனர். அதை ஆய்வுக் கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்தனர். 1963-ல் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. பல் பிடுங்கிய பாம்பைப் போன்றது அந்த மருந்தில் உள்ள கிருமி. உடம்பு அதைக் கொண்டு ஒத்திகை பார்க்கிறது. ஞாபகம் பதிகிறது; பத்திரப் பெட்டி பத்திரமாகவே இருக்கிறது. ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்கு லேசான ஜுரமோ தடிப்போ வரலாம். இரண்டொரு நாளில் அடங்கிவிடும்.

ஒன்பது மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று பல பெற்றோர் கேட்பார்கள். கர்ப்பத்தில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் வந்து சேருகிறது. பிறந்து சில மாதங்களுக்கு அதுவே காவல். அந்தக் காவல் பலமாக இருக்கும்போது ஊசி போட்டால், மருந்தில் உள்ள கிருமியையும் அது பிடித்துவிடும். குழந்தையின் உடம்பு எதையும் கற்காது. தாயின் காவல் தேய்ந்து, சொந்தக் காவல் எழும்ப வேண்டிய நேரம் பார்த்துத்தான் ஒன்பது மாதம் என்று வைத்திருக்கிறார்கள். முதல் ஊசியில் கற்காமல் விட்டுப்போகும் சில குழந்தைகளுக்காக இரண்டாவது ஊசி. இரண்டும் போட்டால் நூற்றில் 97 பேருக்குப் பாதுகாப்பு உண்டு.

பதினெட்டில் பதினேழு

"என் பிள்ளைக்குப் போடுவதும் போடாததும் என் இஷ்டம்" என்று சிலர் வாதாடுகிறார்கள். தட்டம்மை விஷயத்தில் இந்த வாதம் செல்லாது.

ஒரு நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுத்துவிடுவார். சரி, அந்த 18 பேரில் 17 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத்தான் நோய் போகும். பாதுகாப்பு அதற்கும் சற்று மேலே இருந்தால் சங்கிலி அறுந்து நோய் அணைந்துவிடும். பதினெட்டில் பதினேழு என்பது நூற்றுக்கு 94-க்கும் மேல். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு ஊசியும் போட வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கினால்தான்.

மீதி ஐந்து பேர் யார்? ஒன்பது மாதம் நிரம்பாத கைக்குழந்தை. புற்று நோய்க்கு வைத்தியம் நடக்கும் குழந்தை. ஊசி போட்டும் பலிக்காத குழந்தை. இவர்களுக்கு இடம் விட்டால் அதற்கு மேல் இடம் இல்லை. இஷ்டம் இல்லை என்று ஒருவர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால், கைக்குழந்தையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்ததாகத்தான் அர்த்தம்.

பயம் எங்கிருந்து வந்தது?

சமோவாவில் ஜனங்கள் பிடிவாதத்தால் ஊசியைத் தள்ளவில்லை. 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிஷங்களில் இறந்தன. மருந்துத் தூளைத் தண்ணீரில் கலப்பதற்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் மருந்தில் நர்ஸுகள் கலந்துவிட்டனர். தடுப்பு மருந்தில் குற்றம் இல்லை. கலந்த கையில் குற்றம். ஆனால் சர்க்கார் பல மாதங்கள் ஊசி போடுவதையே நிறுத்தி வைத்தது. அந்த மௌனத்தில் வதந்தி வளர்ந்தது. ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 31 என்ற அளவுக்கு விழுந்தது. மறு வருஷம் நோய் வந்தபோது தடுக்க மதில் இல்லை.

மேல்நாடுகளில் வேறு கதை. 1998-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. தட்டம்மைத் தடுப்பு ஊசிக்கும் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சிக் கோளாறுக்கும் சம்பந்தம் இருப்பதாக அது சந்தேகத்தைக் கிளப்பிற்று. பிற்பாடு பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைச் சோதித்தும் அப்படிச் சம்பந்தம் எதுவும் இல்லை. 2010-ல் பத்திரிகையே அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டது. கட்டுரை போயிற்று, பயம் போகவில்லை.

தமிழ்நாடும் இதற்கு விலக்கு அல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடங்களில் ஊசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ் அப் மூலம் வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் பயந்து பின்வாங்கினர். சுகாதார அதிகாரிகளும் டாக்டர்களும் பள்ளி பள்ளியாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது. தட்டம்மைக்குத் தடுப்பு மருந்து வராத காலத்தில் உலகில் வருஷத்துக்கு 26 லட்சம் பேர் வரை அந்த நோயினால் இறந்தனர். 2024-ல் அந்த எண்ணிக்கை சுமார் 95,000. நோயைக் கண்ணால் கண்ட பாட்டிமார் ஊசியைக் கண்டு பயப்படவில்லை. நோயைக் காணாத பேரப்பிள்ளைகள் ஊசியைக் கண்டு பயப்படுகிறார்கள். மருந்து ஜெயித்ததே மருந்துக்கு விரோதமாகிவிட்டது. உடம்பு 65 வருஷம் மறக்காததை ஊர் ஒரே தலைமுறையில் மறந்துவிடுகிறது!

இந்தியா செய்ய வேண்டியது

இந்தியாவில் தட்டம்மை ஊசி 1985-ல் பொதுத் திட்டத்தில் சேர்ந்தது. 2010 முதல் இரண்டாவது ஊசியும் வந்தது. 2017-ல் ஆரம்பித்த இயக்கத்தில் 30 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. இது எந்த நாடும் பெருமைப்படக்கூடிய காரியம். ஆனாலும் கொரோனாக் காலத்தில் ஊசிகள் தவறிப் போயின. அதன் பலனை 2022 கடைசியில் மும்பையின் நெரிசலான குடிசைப் பகுதிகள் அனுபவித்தன, குழந்தைகள் மாண்டனர். 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் புதிய ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்து, 2026-ம் வருஷத்தை இலக்காக வைத்தது.

இலக்கு வைத்தால் மட்டும் போதாது. தேசத்தின் சராசரிக் கணக்கும் போதாது. தட்டம்மை சராசரியைப் பார்த்து வருவதில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்து வருகிறது. வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களின் குழந்தைகள், செங்கல் சூளைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வளரும் குழந்தைகள், முதல் ஊசி போட்டு இரண்டாவதை மறந்த குழந்தைகள் - இவர்களைத் தேடிப் போக வேண்டும். ஊசியால் எங்காவது தவறு நேர்ந்தால் அதை மூடி மறைக்காமல் உடனே விசாரித்து உள்ளதைச் சொல்ல வேண்டும். சமோவா கற்பித்த பாடம் அது.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒன்பது மாதம் நிரம்பியதும் ஒரு ஊசி. பதினாறாவது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இன்னொன்று. தவறியிருந்தால் ஐந்து வயதுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பணம் கிடையாது. நோய் கண்டுவிட்ட குழந்தைக்கு டாக்டர் வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார். அது உயிரைக் காக்க உதவும். ஆனால் ஊசிக்குப் பதில் ஆகாது.

வாசலில் வேப்பிலை செருகுவது நம் நாட்டு வழக்கம். நோய் வந்த வீட்டுக்கு அது அடையாளம். சமோவாவில் தொங்கிய சிவப்புத் துணி, நோய் வரக்கூடிய வீட்டுக்கு அடையாளம். அந்தத் துணி கட்ட வேண்டிய வீடு தெருவில் எத்தனை என்பதை, 83 பேர் செத்த பிறகு எண்ணுவதா, முன்னாலேயே எண்ணுவதா? வீட்டுக்கு வீடு பீரோவில் கிடக்கும் குழந்தையின் தடுப்பு ஊசி அட்டையை இன்று எடுத்துப் பார்த்தால், அந்த எண்ணிக்கையை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.